ஏரிக்கும் தேய்மானம் உண்டு

காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே வந்துவிடும் பாடம் தேய்மானம். மிஷின் ஓட ஓடத் தேயும். அதற்கென்று ஒரு தொகையைக் கணக்கில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் லாபம் என்று சொல்ல வேண்டும். கழிக்காமல் பங்கு பிரித்தால் தின்பது லாபத்தை அல்ல, மூலதனத்தை. தமிழ்நாட்டு ஏரிகளின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. பெரும்பாலானவை ஆழமில்லாதவை. சரிவான நிலத்தின் குறுக்கே ஒரு மண்கரை, தண்ணீர் விட ஒரு மடை, மிஞ்சியது வெளியேற ஒரு கலங்கல், அவ்வளவுதான். மழை தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கும். வாராமல் விட்டால் ஏரி மேடாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஏரிக்குத் தேய்மானமான அந்த வண்டல்தான் வயலுக்கு உரம்! வண்டி கட்டி அள்ளிப்போனால் இரண்டு பக்கமும் லாபம். ஏரியில் நீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும், மீனும் கிடைக்கும்.

ஆனால் இதெல்லாம் தானாக நடக்காது, ஆளும் பணமும் வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைக்காகப் பிரபலம். அதில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட தனிக் குழுவே இருந்தது, பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. (இன்றைக்கு இந்த விதி இருந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?) அதற்காக அதை எல்லோருக்குமான ஜனநாயகம் என்று புகழ வேண்டியதில்லை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கான சபை அது. பிற்காலத்திலும் பல ஊர்களில் மடை திறந்து வயல் வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தலித் மக்கள்; அவர்களுக்குக் கூலி கிடைத்தது, சபையில் இடம் கிடைக்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? ஏரிப்பட்டி என்று ஏரிப் பராமரிப்புக்கே விட்ட நிலம் இருந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் பார்னார்ட் 1767 முதல் 1774 வரை எடுத்த கணக்கெடுப்பைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். களத்தில் நெல் குவிந்ததும் சர்க்காரும் குடியானவரும் பங்கு பிரிப்பதற்கு முன்பே கோயில், தச்சர், கொல்லர் ஆகியோரின் பங்கோடு ஏரிக்கான பங்கும் தனியாக அளந்து வைக்கப்பட்டது. முதலில் தேய்மானம், பிறகுதான் லாபம்!

கம்பெனி ஆட்சியின் கண்ணுக்கு இந்தப் பங்கெல்லாம் வருவாயில் விழுந்த ஓட்டையாகத் தெரிந்தது. ரயத்துவாரி முறையில் வரி பணமாக, ஒவ்வொரு விவசாயியிடமும் தனித்தனியாக வசூலானது. ஊர்ப் பொதுப் பங்கு சுருங்கியது. பல மானியங்கள் பறிபோயின, பல வரிக்குள் வந்தன. வருமானத்தை எடுத்துக்கொண்ட அரசு, செலவை மட்டும் ஊரிடமே விட நினைத்தது. 1858-ல் வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். பங்கு இருந்தவரை ஊரே வேலையைப் பார்த்துக்கொண்டது. பங்கு போனபின் சட்டம் போட்டும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பழியை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 1960 வாக்கில் ஏரிப் பாசனம் சுமார் 9 லட்சம் ஹெக்டேர். இப்போது அதில் பாதிகூட இல்லை. வசதியுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள், பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசமானது. அதற்குப் பிறகு ஏரிக்கரைக்கு யார் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்? அந்தக் கிணற்றுக்கு ஊற்றே ஏரிதான் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. நகரத்தை ஒட்டிய ஏரிகளோ வீட்டுமனையாகவும் பஸ் ஸ்டாண்டாகவும் ஆகிவிட்டன.

2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு, அதை உழைப்பாகவும் தரலாம் என்றார்கள். பல ஏரிகள் தூர்வாரப்பட்டன. ஆனால் அந்த 10 சதவீதம் ஒரு தடவைக்கான பங்கு. பழைய பங்கு ஒவ்வொரு அறுவடைக்கும் களத்திலேயே எடுத்து வைக்கப்பட்டது.