புகைமூட்டத்துக்குள் ஒரு நிலவு: டைட்டனின் தரையைப் படம் பிடித்தது எப்படி?

சனி கோளின் மிகப்பெரிய நிலவு டைட்டன். 1980 நவம்பரில் நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் இதை நெருங்கிப் படம் எடுத்தது. தெரிந்தது ஒரு ஆரஞ்சு நிறப் பந்துதான். தரை துளிகூடத் தெரியவில்லை. இத்தனைக்கும், டைட்டனைப் பார்ப்பதற்காகவே புளூட்டோவுக்குப் போகும் வாய்ப்பு கைவிடப்பட்டிருந்தது!

என்ன காரணம்?

டைட்டனின் வளிமண்டலத்தில் நைட்ரஜனும் மீத்தேனும் இருக்கின்றன. சூரிய ஒளி பட்டு இவை சிதைவதால் புகை போன்ற நுண்துகள்கள் உருவாகின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அதிலேயே சிதறிவிடும்.

காசினி என்ன செய்தது?

2004-ல் சனியை அடைந்த காசினி விண்கலம், வேறு ஒளியைப் பயன்படுத்தியது. அகச்சிவப்பில் சில அலைநீளங்களை மீத்தேன் அதிகம் உறிஞ்சாது, புகையிலும் சிதறல் குறைவு. அந்த இடைவெளி வழியாகத் தரை தெரிந்தது.

ரேடாருக்குப் புகை ஒரு தடையே இல்லை. அது அனுப்பும் ரேடியோ அலைகள், கரடுமுரடான தரையில் பட்டால் திரும்பி வரும். வழுவழுப்பான பரப்பு அவற்றை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், படத்தில் கருப்பாகத் தெரியும். 2006-ல் வடதுருவம் அருகே அப்படித் தெரிந்தவைதான் திரவ மீத்தேன் ஏரிகள்.

தரையிலிருந்தே வந்த படம்

2005 ஜனவரி 14 அன்று ஐரோப்பாவின் ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் இறங்கியது. காசினியில் ஒரு ரேடியோ ரிசீவர் ஆன் செய்யப்படாததால் பாதிப் படங்கள் போயின. வந்து சேர்ந்தவை சுமார் 350. அதில் தெரிந்தவை ஆற்றுத் தடங்கள், உருண்டைக் கற்கள். அந்தக் கற்கள் பனிக்கட்டியால் ஆனவை என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

அடுத்து நாசாவின் டிராகன்ஃபிளை. 2028-ல் ஏவத் திட்டம். டைட்டனில் பறந்து பறந்து படம் எடுக்கப்போகிறது.