பெர்லினுக்குப் போன தாழிகள்

கோவில்பட்டி அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்தின் பழம்பொருளைப் பார்க்க ஒருகாலத்தில் பெர்லினுக்குப் போக வேண்டியிருந்தது. 1876இல் ஜெர்மானிய இனவியலாளர் யாகோர், கோவில்பட்டிக் கரிசலுக்குத் தெற்கே தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் இடுகாட்டுப் பரம்பைத் தோண்டி, தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் அந்நகர அருங்காட்சியகத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ. 1899 முதல் 1905 வரை தோண்டினார். நெற்றியில் கட்டும் பொற்பட்டங்கள் கிடைத்தன: முட்டைவடிவ மெல்லிய தகடு, இரு முனையிலும் கயிறு கோக்கத் துளை. வெண்கல மூடிகளின்மேல் எருமை, சேவல். இவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இவற்றின் பட்டியல் 1915இல் அச்சானது. தாழியைப் பிரிந்த பொற்பட்டம் வெறும் நகைதான். எந்தத் தாழியில், எதனோடு கிடந்தது என்பதில்தான் சேதியே இருக்கிறது.

அந்தக் குறை தீர, 2023இல் ஆதிச்சநல்லூரிலேயே குழிக்கு மேல் கண்ணாடி பதித்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டத் தொடங்கினார்கள். திருச்செந்தூர் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம்.