பழைய விமானத்துக்கு விலை என்ன?

ஆகாய விமானத்தின் சரிதையைக் கூறப் புகுவோர் அதனைக் கண்டுபிடித்தோரையும், அதில் ஏறிக் கடல் கடந்த தீரர்களையும் பற்றிப் பேசுவதே வழக்கம். அதனை விற்றவரையும் வாங்கியவரையும் பற்றிப் பேசுவார் அரியர். நேயர்களே, இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் அதுவாகும். ஒருவரோ இருவரோ அமரத்தக்க சிறு விமானம் ஒன்று பழையதாகி, பழுதாகி, மீண்டும் செப்பனிடப்பெற்றுக் கைமாறுங் கதை இது. சந்தைக் கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். செல்வரல்லாதார் வானிற் பறக்கத் தொடங்கியமைக்குப் பழம்பொருள் வாணிகம் செய்த உதவி சிறிதன்று.

முதலாம் உலக மகாயுத்தம் 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முடிவெய்தியபோது பிரித்தானிய அரசாங்கத்தின் கையில் மலைபோற் குவிந்து கிடந்தவை விமானங்களும் அவற்றின் இயந்திரங்களுமே. அவற்றைக் காத்து வைப்பதற்கே பெரும் பொருள் செலவாயிற்று. 1920ஆம் ஆண்டில் இக்குவியலை ஏறக்குறையப் பத்து இலட்சம் பவுணுக்கு ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கியது. ஏயர்கிராஃப்ட் டிஸ்போசல் கொம்பனி என்பது அதன் பெயர். ஏறத்தாழ 10,000 விமானங்களும் 30,000 இயந்திரங்களும் அவ்விற்பனையில் அடங்கியிருந்தன. கணக்குப் பார்த்தால், அக்காலத்து மோட்டார் வண்டி ஒன்றின் விலைகூட ஒரு விமானத்துக்கு விழவில்லை.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே படைவீரரைப் பழக்குவதற்கென ஆயிரக்கணக்கிற் கட்டப்பெற்ற கர்ட்டிஸ் ஜெனி என்னும் இருதட்டு விமானங்களை அரசாங்கம் விற்றுத் தள்ளியது. 1923ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜோர்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் ஊருக்கு அருகே இருந்த சௌதர் விமானத் திடலுக்கு இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன் வந்தான். 500 டொலர் கொடுத்து ஒரு ஜெனியை வாங்கினான். அதுவரை அவன் தனியே ஒருமுறையேனும் விமானம் ஓட்டியவனல்லன். விற்றவர்கள் அதைப்பற்றிக் கேட்கவுமில்லை. கேட்கும்படி சட்டம் அப்போது அங்கே இருக்கவுமில்லை. திடலில் நின்ற வேறொரு விமானி இரக்கங்கொண்டு உடன் ஏறிச் சிறிது பழக்கிவிட்டார். அவ்விளைஞனே நான்கு ஆண்டுகளின் பின் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடந்த சார்ள்ஸ் லிண்ட்பேர்க். விற்பவன் கேளாதுவிட்ட அந்தக் கேள்வியால் உயிரிழந்த வேறு இளைஞர்களின் பெயர்களைச் சரித்திரம் குறித்துவைக்கவில்லை.

இங்கிலாந்தின் குவியலிலிருந்தோ இன்னும் வியப்பான ஒன்று பிறந்தது. குறைந்த செலவிற் பறக்கக்கூடிய சிறு விமானம் ஒன்றைக் கட்ட விரும்பினார் ஜெஃப்ரி டி ஹவிலண்ட் என்பவர். உடலைக் கட்டுவது அவருக்கு அரிதன்று. தக்க இயந்திரமே கிடைத்திலது. அப்பொழுது பிராங்க் ஹல்ஃபோர்ட் என்ற பொறியியலாளர், மேற்சொன்ன நிறுவனத்தின் களஞ்சியத்திலே தேங்கிக் கிடந்த எட்டு உருளை ரெனோ இயந்திரங்களை நோக்கினார். எட்டிற் பாதி நான்கு. அவ்வியந்திரத்தைப் பாதியாக்கி, நான்கு உருளைகளைப் புதிய அடிப்பெட்டியொன்றின்மேல் ஏற்றி, சிரஸ் என்னும் இயந்திரத்தை ஆக்கிவிட்டார். உறுப்புகள் பல பழையனவாதலின் விலையும் குறைந்தது. அதைச் சுற்றி எழுந்ததே மொத் என்னும் விமானம். 1925ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் தேதி இலண்டனுக்கு அருகே ஸ்டாக் லேன் திடலிலிருந்து டி ஹவிலண்டே அதனை முதன்முதலில் ஓட்டினார். அவர் பூச்சியினங்களில் ஈடுபாடுடையவர். மொத் என்றால் விட்டில். விட்டிலைப் போலவே இவ்விமானமும் தன் இறக்கைகளைப் பின்புறமாக மடித்துக்கொள்ளும். மடித்தபின் மோட்டார் வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் சென்று ஒரு கொட்டகையில் நிறுத்திவிடலாம். அரசாங்கம் பணவுதவி செய்து பறத்தற் கழகங்கள் சிலவற்றைத் தொடக்கி வைத்ததும் அதே ஆண்டிலேதான். பழைய ரெனோ உறுப்புகள் தீர்ந்துபோகவே, ஜிப்சி என்ற புது இயந்திரம் வந்தது. விமானமும் ஜிப்சி மொத் ஆயிற்று. இக்குடும்பம் நமக்கும் அந்நியமன்று. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் தேதி இரத்மலானையில் முதன்முதலாக வந்திறங்கியது, சென்னைப் பறத்தற் கழகத்து ஆசிரியர் ஓட்டிவந்த பஸ் மொத் என்ற விமானமே.

இனி, கைமாறிய விமானங்கள் யாவற்றிலும் புகழ் மிக்க ஒன்றுக்கு வருவோம். இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீன் வணிகர் ஒருவரின் மகள் ஏமி ஜோன்சன். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றும் இலண்டனிலே வழக்கறிஞர் காரியாலயமொன்றில் தட்டெழுத்துச் செய்து பிழைத்த பெண். மாலை வேளைகளில் ஸ்டாக் லேன் கழகத்திற்குப் போய்ப் பறக்கப் பழகினார்; அத்துடன் நில்லாது கை கால் எல்லாம் எண்ணெய் படிய இயந்திர வேலையும் கற்று, அதற்கான அத்தாட்சிப் பத்திரமும் பெற்றார். அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். புதிய விமானம் வாங்க வழியில்லை. வோலி ஹோப் என்ற விமானியிடம் 1928ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற ஜிப்சி மொத் ஒன்று விலைக்கு இருந்தது. விலை 600 பவுண். தந்தையார் ஒரு பகுதி கொடுத்தார். எண்ணெய் வணிகராகிய வேக்ஃபீல்ட் பிரபு மறுபகுதி கொடுத்தார்.

பழையதை வாங்கியது ஒருவகையில் நன்மையே ஆயிற்று. நெடுந்தூரப் பயணத்துக்கு வேண்டிய மேலதிக எரிபொருட் தாங்கிகள் அதில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. தந்தையாரின் மீன் வணிகக் குறியாகிய ஜேசன் என்பதையே விமானத்துக்குப் பெயராக இட்டு, 1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் தேதி குரொய்டனிலிருந்து புறப்பட்டார். அதற்குமுன் அவர் பறந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து ஹல் நகர்வரையே. ஆறாம் நாள் கராச்சியை அடைந்தார். ஜான்சியிலே படையினரின் அணிவகுப்புத் திடலில் இறங்கி இறக்கையை உடைத்துக்கொண்டார். இரங்கூனுக்கு அண்மையில் மழையிலே வழி தெரியாமல், இன்செயின் என்னுமிடத்துத் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் விழுந்தது. முன்விசிறி முறிந்தது; இறக்கைத் துணி கிழிந்தது. மாற்று விசிறி ஒன்றை அவர் உடன் கொண்டு சென்றிருந்தார்; துணிக்கு எங்கே போவது? யுத்தத்தின்பின் மிஞ்சிய விமானத் துணியை வாங்கி அவ்வூரார் சிலர் சட்டை தைத்திருந்தனர். அச்சட்டைகளே இறக்கைக்கு ஒட்டாயின. யுத்தப் பழம்பொருட் சந்தையில் விலைபோன துணி, மனிதர் உடலைச் சுற்றிவிட்டு மறுபடியும் வானேறியது. மே 24ஆந் தேதி ஏமி டார்வின் நகரில் இறங்கினார். பத்தொன்பதரை நாட் பயணம். பெண்ணொருத்தி தனியே இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் பறந்தது அதுவே முதன்முறை.

இரண்டாம் உலக யுத்தத்தின்பின் பழைய கதை திரும்பவும் நடந்தது. மொத் குடும்பத்தைச் சேர்ந்த டைகர் மொத் விமானங்கள் எண்ணாயிரத்துக்கு மேல் கட்டப்பெற்றிருந்தன. படைகள் அவற்றைக் கைவிட்டபோது, நியூசிலாந்திலே முன் இருக்கையைக் கழற்றிவிட்டு உரம் நிறைக்கும் பெட்டியைப் பொருத்தி, மலைப் புல்வெளிகளில் உரம் தூவினார்கள். பல விழுந்து நொறுங்கின. பல கொட்டகைகளில் உக்கின. எஞ்சியவை அருகியபோதுதான் அவற்றின் அருமை தெரிந்தது. பெற்றோர் எறிந்த பழம் பெட்டியைப் பேரப்பிள்ளை தேடுவதுபோல, அவற்றைத் தேடிச் செப்பனிட்டு விற்பதும் வாங்குவதும் இன்று மேல்நாடுகளில் தனித் தொழிலாகிவிட்டன.

இத்தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. அக்காலத்து மொத் விமானத்தின் உடல் மரமும் ஒட்டுப்பலகையும். அவற்றை இணைத்தது பாலின் திரளையிலிருந்து செய்த பசை. ஈரம் பட்டால் அப்பசை பூஞ்சணம் பிடித்து விட்டுவிடும். மேலே துணி போர்த்து, வார்னிஷ் பூசி, வெள்ளி நிறம் மினுங்க நிறுத்திவிட்டால், உள்ளே உக்கிய கட்டை வாங்குபவன் கண்ணுக்குத் தோன்றாது. ஆதலால் அறிந்தவர்கள் முதலிற் பார்ப்பது விமானத்தையன்று, அதனோடு வரும் குறிப்பேடுகளை. எந்த ஆண்டில் எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எத்தனை மணிநேரம் பறந்தது, எங்கே விழுந்தது என்பவெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஏடு அறுந்த விமானத்துக்கு விலையும் அறும்.

செப்பனிடுவோர் உக்கிய மரத்தைக் களைந்து புதியதை வைக்கின்றனர், பழைய லினன் துணிக்குப் பதிலாகச் செயற்கை நூற்றுணி போர்க்கின்றனர், பசையும் புதிது. சிலவற்றில் பழையதென எஞ்சுவது இலக்கம் பொறித்த தகடு ஒன்றும் சில இரும்புப் பூட்டுகளுமே. அதனை 1930ஆம் ஆண்டு விமானம் என்று விற்கலாமா? பறக்க வேண்டுமாயின் மாற்றியே ஆகவேண்டும். உக்கிய கட்டையை மரியாதைக்காக வைத்துக்கொண்டு வானேற முடியாது. ஆகையால் மாற்றியதைக் குறையாக யான் கருதேன். மாற்றியதை ஏட்டில் எழுதாமல் மறைத்து விற்பதே குறை. அதனை வஞ்சனை என்றே சொல்வேன். ஏனெனில் இதிலே நட்டம் காசோடு முடிவதில்லை.

லிண்ட்பேர்க் தம் ஜெனியை வாங்கிய ஆண்டிலேயே விற்றுவிட்டார். அது பல கை மாறி, ஐயோவா மாநிலத்துப் பண்ணையொன்றிலே துண்டு துண்டாகக் கிடந்தது. 1970களில் நியூயோர்க் லோங் ஐலண்ட் அன்பர்கள் சிலர் அதனைத் தேடி எடுத்துச் செப்பனிட்டனர். இன்று அது அங்குள்ள விமான அரும்பொருளகத்தில் இருக்கின்றது. ஏமியின் ஜேசன், இலண்டன் விஞ்ஞான அரும்பொருளகத்திலே கூரையின்கீழ்த் தொங்குகின்றது. 600 பவுணுக்குக் கைமாறிய அவ்விமானத்துக்கு இன்று விலை கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.