27 வயசில் நின்றுபோன செங்கோட்டைக் குரல்

ராக், ப்ளூஸ் கேட்கிறவங்களுக்கு 27 என்றாலே ஒரு பயம் உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜோப்ளின் ரெண்டு பேரும் 1970-ல் அந்த வயசில்தான் போனார்கள். அவங்களுக்கு முன்னாடி 1938-ல் ராபர்ட் ஜான்சன். அந்த லிஸ்டில் எங்க ஊர்ப்பக்கத்து ஆள் ஒருத்தரையும் சேர்க்கணும். கடையத்தில் ரயில் ஏறினால் தென்காசி தாண்டி செங்கோட்டை. அந்த ஊர்தான் எஸ்.ஜி.கிட்டப்பாவுக்கு. பிறந்தது 1906 ஆகஸ்ட் 25, இறந்தது 1933 டிசம்பர் 2. கணக்குப் போட்டுப் பாருங்க :-)

(அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல்தான் நம்ம பக்கம் வந்தது.)

சின்னப் பையனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அப்புறம் கன்னையா கம்பெனி. மைக் கிடையாது, கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டையால் பாட்டைக் கொண்டுபோகணும். அதனால்தான் அந்த உச்ச ஸ்ருதி. அதிலேயும் பிருகா பிசிறில்லாமல் விழும். நமக்கு மிச்சம் இருப்பது சில இசைத்தட்டுகள்தான், ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். ராத்திரி பூரா நடக்கும் நாடகத்தில் பாடினவரை மூணு நிமிஷத்தில் அடைத்தால் எப்படி? தமிழ்ப் பேசும்படம் 1931-லேயே வந்தும் இவர் ஒன்றிலும் நடிக்கவில்லை. 'எவரனி' தட்டைத் தேடிக் கேளுங்க. கரகரப்பு சத்தத்தை மீறி அந்தக் குரல் மேலே போகும்.

1926-ல் இலங்கையில் கே.பி.சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார். மேடை ஜோடி வாழ்க்கையிலும் ஜோடியானது. இதைக் 'காவியக் காதல்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் காதலைவிட வலிதான் அதிகம் தெரியும். குடியும் உடம்பைத் தின்றது. பாட்டு அபாரம் என்பதற்காக மத்ததை மறைக்க வேண்டியதில்லையே?

அவர் போனபோது அந்த அம்மாவுக்கு 25 வயசு. வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆணுக்கு ஜோடியாக அதன் பிறகு நடிக்கவே இல்லை. மேடையை விட்டே ஒதுங்கியிருந்தவரை 1935-ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்து வந்தார்கள். சம்பளம் ஒரு லட்சம் என்று அந்தக் காலமே வாய்பிளந்தது. ஏற்றது நந்தனார் வேஷம், அதாவது ஆண் வேஷம்.