வட்டுக்கோட்டையில் மூடிய கதவும் மானிப்பாயில் திறந்த கதவும்

நம் தோட்டங்களில் கிராணி உத்தியோகம் என்றால் முன்னாளில் யாழ்ப்பாணத்தார் நினைவுக்கு வருவர். கோலசிலாங்கூர் முதல் பாகான் நக்கோடா ஓமார் வரையில், கணக்குப் புத்தகமும் செக்ரோலும் வைத்திருந்த பழந்தலைமுறையினரில் அவர்கள் ஒரு பெரும் பகுதியினர். அவர்களுக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தால், வட்டுக்கோட்டையில் இருந்த ஒரு கலாசாலையின் வாயிலில் போய் நிற்போம்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். ஏழாண்டுகள் கழித்து, 1823இல், தமிழ் இளைஞர்க்கு உயர்தரக் கல்வி புகட்ட வட்டுக்கோட்டையில் ஒரு சாலை தொடங்கினர். கல்லூரி என்றே அதை நடத்த விரும்பினர். அரசாங்கத்தின் இசைவு கிட்டாமையால் அது செமினரி என்னும் பெயரோடு நின்றது. முதல் தலைவர் தானியேல் பூவர் என்பார். அவர்கள் வகுத்த பாடத்திட்டம் இன்று பார்ப்பவரையும் வியக்கச் செய்யும். தமிழும் இங்கிலீஷும் யாவர்க்கும் உரியன. சமஸ்கிருதம் தெரிந்தெடுத்த சிலருக்கு. குருத்தொழிலுக்குச் செல்வோர்க்கு வேதாகமத்தின் மூலபாஷையாகிய எபிரேயம், வேண்டுமிடத்து இலத்தீனும் கிரேக்கமும். இவற்றோடு க்ஷேத்திரகணிதம், வானசாத்திரம், பூகோளம், இயற்கைநூல். ஒரே கூரையின்கீழ் எபிரேயமும் தமிழிலக்கணமும் தொலைநோக்கியும்!

சாத்திரப் பயிற்சி வெறும் ஏட்டோடு நின்றதில்லை. 1829 மார்ச்சு மாதத்தில் சந்திர கிரகணம் வந்தது. அராலிப் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரமும் மறைப்பின் அளவும் பூவரின் கணக்குக்கு ஒத்து வரவில்லை. இரவில் ஜனங்கள் கூடி நின்று பார்த்தனர். பூவர் கணக்கே சரியென நின்றது. பஞ்சாங்கத்தை இழித்துரைக்க நான் இதைச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த வாக்கியங்களைக் கொண்டு அவ்வளவு நெருங்கிக் கணித்ததே பெரிது. ஆனால் ‘யார் சொன்னார்’ என்பதை விட்டு ‘வானத்தில் என்ன நடந்தது’ என்று ஊரார் ஒன்றுகூடிப் பார்த்த இரவு அது. நம் சமூகத்தில் அத்தகைய இரவுகள் மிகச் சில.

இலங்கை அரசாங்கக் காரியதரிசியாயிருந்த எமர்சன் டெனன்ட் என்பவர் இச்செமினரியை ஐரோப்பிய சர்வகலாசாலைகளோடு ஒப்பவைத்துப் புகழ்ந்து எழுதினார். இதன் மாணவர்கள் 1841இல் உதயதாரகைப் பத்திரிகையை நடத்தத் தொடங்கினர்; அகராதி வேலைக்கு உதவினர். இவ்வளவும் இருந்தும் 1855இல் செமினரி மூடப்பட்டது.

காரணம் யாது? பாஸ்டன் நகரத்துத் தலைமைச் சங்கத்திலிருந்து ரூபஸ் அண்டர்சன் என்பார் தலைமையில் ஒரு குழு விசாரணைக்கு வந்தது. மாணவர்கள் வேதத்தைக் கருதி வரவில்லை. இங்கிலீஷ் கற்று அரசாங்க உத்தியோகம் பெறவே வருகின்றனர். கற்றபின் தம் ஊராரை விட்டு அகன்று போகின்றனர். ஆகவே கிராமப் பள்ளிகளில் தாய்மொழிக் கல்வியே தக்கது என்பது அவர்கள் முடிவு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் உத்தியோகத்தை நாடியது மாணவர் குற்றமா? மழை பொய்த்தால் பட்டினி என்றிருந்த பூமியில் பிறந்தவன் மாதச் சம்பளத்தை நாடுதல் இயல்பு. தமிழின் பெயரைச் சொல்லி உயர்கல்வியின் கதவை அடைத்தார்கள். தமிழில் உயர்கல்வி அதனால் பிறந்துவிடவில்லை. சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர், விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும், மூடப்பட்ட அச்சாலையின் மாணவர்களே. தாமோதரம்பிள்ளை அழியவிருந்த ஏடுகளைத் தேடி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இங்கிலீஷ் கற்றவன் தமிழை விட்டு அகல்வான் என்ற தீர்ப்புக்கு இதனினும் நல்ல மறுமொழி வேண்டுமோ?

வட்டுக்கோட்டையில் கதவு மூடிய காலத்திலேயே சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் மற்றொரு கதவு திறந்திருந்தது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே மாணவர்க்கு ஐரோப்பிய வைத்தியம் கற்பித்தார். முதலில் இங்கிலீஷில், இங்கிலீஷில் தேர்ந்தவர் நல்ல சம்பளம் நாடி அயலூர் போவதைக் கண்டு, 1860க்குப் பின் தமிழிலேயே. அண்டர்சனும் கிறீனும் ஒரே குறையையே கண்டனர். முன்னவர் கல்வியைக் குறைத்தார். பின்னவர் கல்வி முழுவதையும் தமிழுக்குள் கொணர முற்பட்டார். சொல் தேடுகையில் முதலில் தமிழை நாடினார், கிடையாதபோது சமஸ்கிருதத்தை, அதுவும் உதவாதபோது இங்கிலீஷ்ச் சொல்லையே தமிழ் உருவாக்கினார். உடலின் அமைப்பைக் கூறும் நூல் ‘அங்காதிபாதம்’. அதன் தொழிலைக் கூறுவது ‘சுகரணம்’. அறுவை மருத்துவம் ‘இரணவைத்தியம்’. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவர் கையால் உருவாயினர். ஆனால் தமிழில் தேர்ந்த வைத்தியனுக்கு அரசாங்கத்தில் இடம் அரிது. கிறீன் நாடு திரும்பிய பின் அவ்வகுப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1872இல் வட்டுக்கோட்டையில் பழைய இடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இங்கிலீஷ் வென்றது, சம்பளம் அங்கே இருந்தது. அச்சம்பளத்தின் நீட்சியாகவே கிராணிமாரும் ரயில்வே குமாஸ்தாக்களும் இந்நாட்டுக்குக் கப்பலேறினர்.

இந்நாட்டில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. 2003 முதல் அந்த ஆறாண்டிலும் கணிதமும் அறிவியலும் படிப்படியாக இங்கிலீஷுக்கு மாற்றப்பட்டன. பின்னர் அது கைவிடப்பட்டது. அப்பொழுது நம்மவரிலேயே சிலர், அறிவியலைச் சொல்லத் தமிழில் சொல் ஏது என்று கேட்டனர். வேலை எங்கே என்று கேட்டிருந்தால் அது நேர்மையான கேள்வி. சொல் ஏது என்று கேட்டவர்களுக்குக் கிறீனின் பெயரே தெரிந்திருக்காது. அவருடைய இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. அமெரிக்காவில் தம் சொந்த ஊரில் இருந்தபடியே அவர் கைப்படிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் அச்சாகி வந்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.