வீட்டுச் சுரங்கமும் ஈபி பில்லும்: ஒரு சின்ன வரலாறு

கோலார் தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். உள்ளே தங்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. தோண்டி எடுக்கும் செலவு, எடுக்கும் தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். 1902-ல் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டியதே முக்கியமாக இந்தச் சுரங்கத்துக்குக் கரண்ட் கொடுக்கத்தான். ஆக, சுரங்கம் என்றால் தோண்டுவது பாதி, மின்சாரம் மீதி!

இதை ஏன் சொல்கிறேன்? அம்பத்தூர், ஆவடி பக்கம் நம்ம பசங்க நாலு பேர் கூடினால் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்: "மச்சான், ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி வீட்லயே கிரிப்டோ மைனிங் பண்ணலாமா? எந்தக் கார்டு நல்லது?" இதற்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார். வரலாறு வேறு பதில் சொல்கிறது.

2009 ஜனவரியில் பிட்காயின் பிறந்தபோது சாதாரண கம்ப்யூட்டரே போதும். மைனிங் என்பது ஒரு எண்ணைத் தேடும் போட்டி. சரியான எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கு அப்போது 50 பிட்காயின் பரிசு. 2010-ல் கிராபிக்ஸ் கார்டு இதைவிடப் பல மடங்கு வேகமாகத் தேடும் என்று கண்டுகொண்டார்கள். 2013-ல் இந்த ஒரு வேலைக்காகவே செய்த ஏசிக் சிப் வந்தது. கார்டுகள் ஓரங்கட்டப்பட்டன.

இங்கேதான் சூட்சுமம். எல்லோரும் வேகமான மெஷின் வாங்கினால் எல்லோருக்கும் அதிக காசு வருமா? வராது! 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போட்டியின் கடினம் தானாக மாறும். ஊரே வேகமாக ஓடினால் எல்லைக்கோடும் தள்ளிப்போகும். புது மெஷின் வந்த அன்றே பழைய மெஷினின் வருமானம் குறைய ஆரம்பித்துவிடும்.

2015 ஜூலையில் எத்திரியம் வந்தது. அதற்கு மெமரி நிறைய வேண்டும் என்பதால் கிராபிக்ஸ் கார்டுக்கு மறுவாழ்வு. ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1060 எல்லாம் கடையில் கிடைக்காமல் போனது இப்படித்தான். ஆனால் மைனிங்குக்கு கார்டில் ஏற்ற வேண்டிய ஃபைல் வளர்ந்துகொண்டே இருந்தது. 2020 கடைசியில் 4 ஜிபி கார்டுகள் அவுட். 8 ஜிபி வாங்கியவர்கள் காலரைத் தூக்கிக்கொண்டார்கள். 2022 செப்டம்பர் 15-ல் எத்திரியம் மைனிங் முறையையே கைவிட்டது. ஒரே நாளில் எல்லாக் கார்டும் அவுட்!

அக்கவுண்டன்சியில் தேய்மானம் படித்திருப்போம். இந்த மெஷின்கள் தேய்ந்து சாகவில்லை, கவனியுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிப்பிழந்தன.

இப்போது நம்ம வீட்டுக் கணக்கு. ஆறு கார்டு, மதர்போர்டு, ரைசர், எஸ்எம்பிஎஸ் சேர்ந்த ரிக் கிட்டத்தட்ட 1 கிலோவாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 60 நாளில் 1,440 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 500 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021-ல் அதற்கு மேல் யூனிட்டுக்கு 6 ரூபாய் 60 பைசா. ரிக்குக்கு மட்டும் 9,504 ரூபாய். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியது. 500-க்கு மேல் 8 ரூபாயில் ஆரம்பித்து, 1,000-க்கு மேல் 11 ரூபாய். அதே ரிக், அதே யூனிட், 14,940 ரூபாய். எத்திரியம் போன அதே மாதம்! (கத்திரி வெயிலில் அந்த ரூமுக்கு ஏசி போட்டால் அது தனி.)

காமர்ஸ் பசங்களுக்கு இன்னொரு பாயிண்ட். 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங் கட்டமைப்புக்குச் செய்த செலவு 'வாங்கிய விலை' ஆகாது என்று அந்த மார்ச்சில் அரசு மக்களவையிலேயே சொல்லிவிட்டது. நஷ்டத்தில் ஓடும் ரிக்குக்கும் வரி கட்ட வேண்டி வரலாம். எந்தக் காஸ்டிங் புத்தகத்திலும் இப்படி ஒரு கணக்கு பார்த்ததில்லை :-)

சரி, அப்போ எந்தக் கார்டு வாங்குவது? மைனிங் நின்றாலும் உங்களுக்கு உதவும் கார்டு. கேம், வீடியோ எடிட்டிங், புராஜெக்ட் என்று ஏதாவது ஒன்றுக்கு உதவினால், ஒரே ஒரு கார்டு வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். மைனிங்குக்கு மட்டும் என்றால் கடன் வாங்கி ஆறு கார்டு அடுக்க வேண்டாம். பதினைந்து வருடத்தில் நல்ல மெஷின் வாங்கியவரெல்லாம் ஜெயித்துவிடவில்லை. கரண்ட் சல்லிசாகக் கிடைத்தவர்தான் கடைசிவரை நின்றார். அம்பத்தூர் ஈபி கார்டில் 1,000 யூனிட்டுக்கு மேல் அந்தச் சல்லிசு கிடையாது.