இரு ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடு

மேற்கத்திய இசைத்தாளில் ‘டை’ என்பது ஒரு சிறிய வளைகோடு. ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டு, இரண்டையும் அந்தக் கோடு இணைத்தால், முதலாவதை மட்டும் ஒலித்து, இரண்டாவதன் காலம் முடியும்வரை நீட்ட வேண்டும். கர்நாடக இசையில் கார்வைக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் செய்யும் வேலை, ஏறத்தாழ இதுதான்.

13ஆம் நூற்றாண்டில் கொலோன் நகரின் ஃப்ராங்கோ வகுத்த முறையில், ஸ்வரக்குறியின் வடிவத்தைக் கொண்டே அதன் கால அளவை அறியலாம். அந்த முறையில் தாளக் கோடுகள் இல்லை; எனவே எந்த ஸ்வரத்தையும் இரண்டாக வெட்டி ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை. பிற்காலத்தில் வரிகளின் குறுக்கே தாளக் கோடுகள் விழுந்தபோது, கோட்டைத் தாண்டி நீளும் ஸ்வரம் இரு துண்டானது. அவற்றை மீண்டும் ஒன்றாக்க வளைகோடு அவசியமாயிற்று.

அச்சகம்தான் தடையாக நின்றது. 1528 முதல் பாரிஸில் அச்சாளர் அத்தெஞ்ஞான் பயன்படுத்திய அச்செழுத்துகளில், ஸ்வரமும் அதன் பின்னுள்ள ஐந்து கோடுகளின் சிறு துண்டும் ஒரே உலோகக் கட்டையில் இருந்தன. இடத்துக்கு இடம் நீளம் மாறும் வளைகோட்டை அப்படி எளிதில் கோத்துவிட முடியாது. 1586இல் ரோமில் சிமோனே வெரோவியோ செப்புத் தகட்டில் செதுக்கி இசைநூல் வெளியிட்டார். கை போன போக்கில் உளி வளைந்தது, கோடும் வளைந்தது. ஃப்ரெஸ்கோபால்டியின் கீபோர்டு டொக்காட்டாக்கள் 1615இல் இப்படித்தான் அச்சேறின. டை போட்ட ஸ்வரங்களை, வாத்தியம் வெறுமையாக ஒலிக்காதிருக்க, வாசிப்பவர் விருப்பம்போல் மீண்டும் தட்டலாம் என்று அவர் முன்னுரையில் அனுமதித்தார்.

வேறுவேறு ஸ்வரங்களைக் குழைத்து வாசிக்கச் சொல்லும் ‘ஸ்லர்’ குறியும் பார்வைக்கு இதே வளைகோடுதான். இடத்தைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொள்வது இசைக்கலைஞரின் பொறுப்பு. பீத்தோவன் இன்னும் ஒரு படி போனார். 1825இல் எழுதிய ‘குரோஸ்ஸ ஃபூகே’யில், ஒரு குரோட்செட் போதுமான இடங்களில், அதில் பாதி நீளமுள்ள இரண்டு குவேவர்களை எழுதி டை போட்டிருக்கிறார். கால அளவு ஒன்றே, எழுத்து வேறு. இதை எப்படி வாசிப்பது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

கணினிக்கு இத்தகைய ஊகம் கைவராது. 1983இல் வந்த மிடி முறைக்கு, ஸ்வரத்தின் நீளத்தைப் பற்றித் தெரிந்தவை அதன் தொடக்கமும் முடிவும் மட்டுமே. இரண்டாவது ஸ்வரத்தைத் தொடங்கவிடாமல் தடுப்பதே அங்கே டையின் வேலை. 1988இல் ஃபினாலே, 1993இல் சிபேலியஸ் என வந்த இசை எழுதும் மென்பொருள்கள் காதுக்கும் கண்ணுக்கும் ஒருசேரப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவற்றுக்கிடையே கோப்புகளைப் பரிமாற மைக்கேல் குட் உருவாக்கிய மியூசிக் எக்ஸ்எம்எல், ஒலிக்கான டைக்கு ஒரு குறியும் தாளில் தெரியும் டைக்கு இன்னொரு குறியும் வைத்தது.

மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் ‘டி’ (T) விசையைத் தட்டினால் டை விழுந்துவிடுகிறது. 2016இல் வந்த டோரிகோ, டை போட்ட தொடர் முழுவதையும் ஒரே ஸ்வரமாகவே பாவிக்கிறது. தாளத்தை மாற்றினால் வெட்டும் இடங்களைத் தானே கணக்கிட்டு, டைகளைப் புதிதாக வரைகிறது. அதனால் ‘குரோஸ்ஸ ஃபூகே’யின் இரட்டைக் குவேவர்களை அதில் இட்டால், அவற்றை ஒரே குரோட்செட்டாகச் சேர்த்துவிடும். பீத்தோவன் எழுதியபடியே தாளில் வர வேண்டுமானால், கால அளவைக் கட்டாயப்படுத்தும் தனிக் கட்டளையை எழுதுபவரே இட வேண்டும்.